விளையாட்டுக் கணினிக்கான வரைகலை அட்டையும் மின்வழங்கியும்

வரைகலை அட்டை என்பது கணினித் திரையில் தோன்றும் படிமங்களைக் கணித்து உருவாக்கும் மின்னணுச் சுற்றுப் பலகை ஆகும். பேச்சு வழக்கில் இது கிராபிக்ஸ் கார்டு எனப்படுகிறது. வீட்டு மின்சாரத்தைக் கணினியின் உறுப்புகளுக்கு ஏற்ற தாழ்மின்னழுத்த நேர்மின்சாரமாக மாற்றித் தரும் கருவி மின்வழங்கி ஆகும். தமிழ்நாட்டுக் கணினிக் கடைகளில் இதனை எஸ்.எம்.பி.எஸ் என்பர். விளையாட்டுக் கணினியில் மிகுதியான மின்திறனைப் பயன்படுத்தும் உறுப்பு பெரும்பாலும் வரைகலை அட்டையே. எனவே இவ்விரண்டையும் தனித்தனியே தெரிவு செய்ய இயலாது. தரமற்ற மின்வழங்கி பழுதாகும்போது தன்னோடு தாய்ப்பலகையையும் வரைகலை அட்டையையும் சேர்த்துப் பழுதாக்கக்கூடும்.

இக்கட்டுரை இவ்விரு உறுப்புகளையும் தெரிவு செய்யும் முறையைத் தமிழ்நாட்டின் சிற்றூர் மின்வழங்கல் சூழலோடு சேர்த்து விளக்குகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்துள்ள திருக்கோவிலூரும் அதன் சுற்றுப்புறமும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளன.

வரலாறு

1980களின் கணினிகளில் இருந்த காட்சி அட்டைகள் எழுத்துகளையும் எளிய படங்களையும் திரைக்கு அனுப்பும் பணியை மட்டுமே செய்தன. 1996இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம் வெளியிட்ட வூடூ அட்டை முப்பரிமாண விளையாட்டுகளை வீட்டுக் கணினிகளில் பரவச் செய்தது. 1999இல் என்விடியா நிறுவனம் ஜீபோர்ஸ் 256 அட்டையை வெளியிட்டபோது வரைகலைச் செயலகம் என்னும் பெயரைப் பரப்பியது. ஏ.டி.ஐ நிறுவனத்தின் ரேடியான் வரிசை 2000இல் தொடங்கியது. அந்நிறுவனத்தை 2006இல் ஏ.எம்.டி வாங்கியது. 2004 அளவில் ஏ.ஜி.பி செருகுவாயின் இடத்தைப் பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் பிடிக்கத் தொடங்கியது. இன்டெல் நிறுவனம் ஆர்க் என்னும் பெயரில் 2022இல் தனி வரைகலை அட்டைகளை வெளியிட்டது.

இக்காலத்தில் மின்திறன் தேவையும் பன்மடங்கு உயர்ந்தது. தொடக்ககால அட்டைகள் செருகுவாயிலிருந்து கிடைத்த மின்சாரத்திலேயே இயங்கின. 2022இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ் 4090 அட்டையின் அறிவிக்கப்பட்ட திறன் 450 வாட், 2025இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ் 5090 அட்டையினுடையது 575 வாட் ஆகும்.

வரைகலை அட்டையைத் தெரிவு செய்தல்

திரை

தெரிவு திரையிலிருந்து தொடங்க வேண்டும். 1920 x 1080 அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20.7 இலட்சம் படப்புள்ளிகள் உள்ளன. 2560 x 1440 திரையில் 36.9 இலட்சமும், 4கே எனப்படும் 3840 x 2160 திரையில் 82.9 இலட்சமும் உள்ளன. அதாவது 4கே திரைக்கு ஒவ்வொரு சட்டகத்திலும் நான்கு மடங்கு புள்ளிகளைக் கணிக்க வேண்டியுள்ளது. திரையின் புதுப்பிப்பு வீதமும் கருதத்தக்கது. 60 ஹெர்ட்ஸ் திரை நொடிக்கு 60 சட்டகங்களுக்கு மேல் காட்டாது. ஆகையால் 1080 வரிசைத் திரையும் 60 ஹெர்ட்ஸ் வீதமும் உடையவர் விலை மிகுந்த அட்டை வாங்குவதால் பெறும் பயன் குறைவு.

வரைகலை நினைவகம்

விளையாட்டின் பரப்புப் படங்கள் அட்டையிலுள்ள நினைவகத்தில் வைக்கப்படுகின்றன. நினைவகம் போதாதபோது தரவுகள் கணினியின் பொது நினைவகத்திலிருந்து வர வேண்டியிருப்பதால் ஆட்டம் விட்டுவிட்டு ஓடும். வேலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளுக்கு 4 கிகாபைட்டு பெரும்பாலும் போதும். 2023க்குப் பின் வெளிவந்த பெரிய விளையாட்டுகளுக்கு 8 கிகாபைட்டு குறைந்தபட்ச அளவாகக் கருதப்படுகிறது. நினைவகத்தின் அளவு மட்டும் வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. பழைய, மெதுவான செயலகத்துடன் மிகுதியான நினைவகத்தைச் சேர்த்து விற்கப்படும் அட்டைகள் அளவைக் கண்டு வாங்குவோரை ஏமாற்றுகின்றன.

மையச் செயலகமும் செருகுவாயும்

வரைகலை அட்டை எவ்வளவு விரைவானதாக இருப்பினும் மையச் செயலகம் தரும் வேகத்திற்கு மேல் சட்டகங்களை உருவாக்க இயலாது. பழைய தாய்ப்பலகை உடையவர்கள் இணைப்புத் தடங்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். 2022இல் வெளிவந்த ரேடியான் ஆர்.எக்ஸ் 6500 எக்ஸ்.டி அட்டை 4 தடங்களை மட்டுமே பயன்படுத்துகிறது. நான்காம் தலைமுறைப் பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் பலகையில் இது பெரிய குறை அன்று. மூன்றாம் தலைமுறைப் பலகையில் அலைக்கற்றை பாதியாகிவிடுவதால் வேகம் குறைகிறது. இன்டெல் ஆர்க் அட்டைகள் முழு வேகத்தில் இயங்க ரீசைசபிள் பார் என்னும் வசதி தாய்ப்பலகையில் தேவை.

சில அட்டைகளின் மின்திறன்

நிறுவனங்கள் அறிவித்துள்ள அளவுகள் பின்வருமாறு. விற்பனை நிறுவனங்கள் மாற்றியமைத்து வெளியிடும் வடிவங்களில் இவை சற்றுக் கூடலாம்.

- ஜீபோர்ஸ் ஜி.டி.எக்ஸ் 1650 (2019): 4 கிகாபைட்டு, 75 வாட்
- ரேடியான் ஆர்.எக்ஸ் 6600 (2021): 8 கிகாபைட்டு, 132 வாட்
- ஜீபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ் 3060 (2021): 12 கிகாபைட்டு, 170 வாட்
- ஜீபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ் 4060 (2023): 8 கிகாபைட்டு, 115 வாட்
- ரேடியான் ஆர்.எக்ஸ் 7600 (2023): 8 கிகாபைட்டு, 165 வாட்
- ஜீபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ் 3050, 6 கிகாபைட்டு வடிவம் (2024): 70 வாட்
- இன்டெல் ஆர்க் பி580 (2024): 12 கிகாபைட்டு, 190 வாட்

புதிய தலைமுறை அட்டைகள் ஒரே வேலையைக் குறைந்த மின்திறனில் செய்கின்றன என்பதை ஆர்.டி.எக்ஸ் 3060, 4060 ஆகியவற்றை ஒப்பிட்டு அறியலாம். மின்வழங்கியை மாற்ற இயலாதவர்கள் தனி மின் இணைப்பு வேண்டாத 75 வாட்டுக்கு உட்பட்ட அட்டைகளைத் தெரிவு செய்யலாம். இத்தகைய அட்டைகளிலும் சில வடிவங்களில் 6 முனை இணைப்பி பொருத்தப்பட்டிருப்பதால் வாங்குமுன் பார்ப்பது நன்று.

மின் இணைப்பிகள்

பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் செருகுவாய் 75 வாட் வரை வழங்கும். இதற்கு மேல் தேவைப்படும் அட்டைகளுக்கு மின்வழங்கியிலிருந்து நேரடி இணைப்பு தரப்படுகிறது. 6 முனை இணைப்பி 75 வாட்டும், 8 முனை இணைப்பி 150 வாட்டும் தரும். 2022இல் அறிமுகமான 16 முனை இணைப்பி 600 வாட் வரை தரவல்லது. அவ்வாண்டில் ஆர்.டி.எக்ஸ் 4090 அட்டைகள் சிலவற்றில் இவ்விணைப்பி உருகியதாகப் புகார்கள் எழுந்தன. செருகி முழுவதும் உட்செல்லாமை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கண்டறியப்பட்டது. 2023இல் இணைப்பியின் வடிவமைப்பு திருத்தப்பட்டது.

இணைப்பிகளைப் பொறுத்தவரை மூன்று செய்திகள் முக்கியமானவை.

- சாட்டா இணைப்பியிலிருந்து 6 முனைக்கு மாற்றித் தரும் வடங்களைப் பயன்படுத்தக்கூடாது. சாட்டா இணைப்பியில் 12 வோல்ட்டுக்கான மூன்று முனைகள் ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர் தாங்கும். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் மட்டுமே. 75 வாட் கேட்கும் இடத்தில் இது உருகித் தீப்பிடிக்கலாம்.
- மையச் செயலகத்திற்கான 8 முனை இணைப்பியும் வரைகலை அட்டைக்கான 8 முனை இணைப்பியும் வெவ்வேறானவை. அவற்றில் 12 வோல்ட்டு முனைகள் எதிரெதிர் வரிசையில் உள்ளன.
- கழற்றி மாட்டக்கூடிய வடங்களை ஒரு மின்வழங்கியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றக்கூடாது. மின்வழங்கிப் பக்க முனைகளின் ஒழுங்கிற்குப் பொதுச் செந்தரம் இல்லை. வடம் பொருந்தினாலும் தவறான மின்னழுத்தம் சென்று உறுப்புகள் எரிந்துபோகும்.

மின்வழங்கியைத் தெரிவு செய்தல்

சிட்டையைப் படித்தல்

மின்வழங்கியின் பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ள சிட்டையில் 3.3, 5, 12 வோல்ட்டுகளுக்கான மின்னோட்ட அளவுகள் குறிக்கப்பட்டிருக்கும். இன்றைய வரைகலை அட்டையும் மையச் செயலகமும் பெரும்பாலும் 12 வோல்ட்டிலிருந்தே திறனைப் பெறுகின்றன. எனவே 12 வோல்ட்டுத் தடத்தின் திறனே உண்மையான அளவுகோல். எடுத்துக்காட்டாக, 12 வோல்ட்டில் 37.5 ஆம்பியர் தரும் மின்வழங்கி அத்தடத்தில் 450 வாட் தருகிறது. பெட்டியோடு சேர்த்து மலிவாக விற்கப்படும் மின்வழங்கி ஒன்றின் மேல் 450 என்று பெரிய எழுத்தில் இருந்து, சிட்டையில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் மட்டும் இருந்தால், அதன் பயன்படு திறன் 192 வாட் மட்டுமே. எடையும் ஒரு குறிப்பாகும். தரமான மின்மாற்றி, சுருள்கள், வெப்பக்கடத்திகள் ஆகியவற்றைக் கொண்ட மின்வழங்கி கையில் கனமாக இருக்கும்.

திறனைக் கணித்தல்

ஆர்.டி.எக்ஸ் 4060 அட்டையும் இன்டெல் கோர் ஐ5-12400எஃப் செயலகமும் கொண்ட கணினியை எடுத்துக்கொள்வோம்.

- வரைகலை அட்டை: 115 வாட்
- மையச் செயலகம் (உயரளவு): 117 வாட்
- தாய்ப்பலகை, நினைவகம், வட்டுகள், விசிறிகள் (தோராயமாக): 60 வாட்
- மொத்தம்: 292 வாட்

மின்வழங்கி தன் திறனில் 50 முதல் 60 விழுக்காடு அளவில் இயங்குவது வெப்பத்திற்கும் ஆயுளுக்கும் ஏற்றது. 292ஐ 0.6ஆல் வகுத்தால் 487 கிடைக்கிறது. ஆகவே தரமான 500 அல்லது 550 வாட் மின்வழங்கி போதுமானது. இந்த அட்டைக்கு என்விடியா பரிந்துரைப்பதும் 550 வாட் ஆகும். 850 வாட் மின்வழங்கி இக்கணினிக்குக் கூடுதல் வேகம் எதையும் தராது.

வரைகலை அட்டைகள் மில்லி நொடிக்கும் குறைவான நேரத்திற்குத் தம் சராசரி அளவைக் கடந்து மின்னோட்டத்தை இழுப்பதுண்டு. ஆட்டத்தின் நடுவே கணினி திடீரென அணைவதற்கு இதுவும் ஒரு காரணம். 2022இல் வெளியான ஏ.டி.எக்ஸ் 3.0 செந்தரம், உயர்திறன் மின்வழங்கிகள் இத்தகைய நொடிப்பொழுது எழுச்சிகளைத் தம் அளவின் இருமடங்கு வரை 100 மைக்ரோ நொடிகளுக்குத் தாங்க வேண்டும் என வரையறுத்தது.

80 பிளஸ் சான்று

2004இல் தொடங்கிய 80 பிளஸ் திட்டம் மின்வழங்கிகளின் திறமையைச் சான்றளிக்கிறது. 115 வோல்ட்டில், பாதிச் சுமையில் வெண்கலம் 85, வெள்ளி 88, தங்கம் 90, பிளாட்டினம் 92, டைட்டானியம் 94 விழுக்காடு திறமையை எட்ட வேண்டும்.

300 வாட் சுமைக்கு 80 விழுக்காடு திறமையுள்ள மின்வழங்கி 375 வாட்டை உள்ளிழுக்கும், 90 விழுக்காடு உள்ளது 333 வாட்டை உள்ளிழுக்கும். நாளொன்றுக்கு 3 மணி நேரம் விளையாடினால் இரண்டு மாதத்தில் கிடைக்கும் சேமிப்பு 7.5 அலகு. எனவே மின்கட்டணத்திற்காக மட்டும் உயர்ந்த சான்றைத் தேடுவதில் பொருளில்லை. இச்சான்று திறமையை மட்டுமே காட்டுகிறது, பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தைக் காட்டுவதில்லை. மிகைமின்னோட்டம், மிகைமின்னழுத்தம், குறுக்குச்சுற்று, மிகைவெப்பம் ஆகியவற்றுக்கான காப்புகள் உள்ளனவா எனத் தனியே பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டு மின்வழங்கல் சூழல்

மின்னழுத்த மாற்றம்

இந்தியாவில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு, 50 ஹெர்ட்ஸ் ஆகும். நீர் இறைக்கும் மோட்டார்கள் மிகுந்த வேளாண் பகுதிகளில் அவை ஒருசேர இயங்கும்போது, நீண்ட கம்பித்தொடரின் கடைசியில் உள்ள வீடுகளில் மின்னழுத்தம் குறையும். மின்வழங்கி மாறாத் திறனை எடுக்கும் கருவியாகையால், மின்னழுத்தம் குறையும்போது மின்னோட்டம் கூடும். 350 வாட்டுக்கு 230 வோல்ட்டில் ஏறத்தாழ 1.5 ஆம்பியர் தேவை, 170 வோல்ட்டில் 2.1 ஆம்பியர் தேவை. கூடுதல் மின்னோட்டம் மின்வழங்கியைச் சூடாக்குகிறது. 100 முதல் 240 வோல்ட்டு வரை எனச் சிட்டையில் குறிக்கப்பட்ட முழுவீச்சு மின்வழங்கி இவ்வூர்களுக்கு ஏற்றது. 200 முதல் 240 வரை மட்டும் குறிக்கப்பட்டவை குறைந்த மின்னழுத்தத்தில் அணையலாம்.

மிகைமின்னழுத்தம் இதைவிடக் கொடியது. மும்முனை வழங்கலில் நடுக்கம்பி அறுந்தால் ஒருமுனை இணைப்புள்ள வீடுகளில் மின்னழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கக்கூடும். கணினி மின்வழங்கிகள் பொதுவாக 264 வோல்ட்டு அளவுக்கே வடிவமைக்கப்படுகின்றன. மிகைமின்னழுத்தத்தில் இணைப்பைத் துண்டிக்கும் காப்புக் கருவியை வீட்டின் மின்பலகையில் பொருத்துவது இதற்குத் தீர்வாகும். கோடை இடிமழையின்போதும் வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் செருகியையும் இணைய வடத்தையும் கழற்றி வைப்பதே மின்னலிலிருந்து உறுதியான காப்பு.

புவி இணைப்பு

பேச்சு வழக்கில் எர்த் எனப்படும் புவி இணைப்பு பல பழைய வீடுகளில் பெயரளவில் மட்டுமே உள்ளது. மின்வழங்கியின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் இரு உள்ளீட்டுக் கம்பிகளையும் உலோகப் பெட்டியோடு இணைக்கின்றன. புவி இணைப்பு இல்லாதபோது பெட்டியில் ஏறத்தாழ 115 வோல்ட்டு, அதாவது வழங்கலின் பாதி, தோன்றும். கணினிப் பெட்டியைத் தொடும்போது விரலில் சுருக்கெனத் தைப்பது இதனாலேயே. மின்னோட்டம் மிகச் சிறிதாயினும், உட்புறக் காப்பு பழுதானால் முழு மின்னழுத்தமும் பெட்டிக்கு வந்து உயிருக்கு ஆபத்தாகும். அத்தகைய கணினியை ஈரக்கையோடும் வெறுங்காலோடும் தொடலாகாது. மூன்றாம் முனையை உடைத்துவிட்டு இருமுனைச் செருகுவாயில் மாட்டும் வழக்கம் தவிர்க்கப்பட வேண்டும். ஒரு கணினியின் விலையோடு ஒப்பிட்டால், தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு புவி இணைப்பு அமைக்கும் செலவு சிறிது.

மின்தடையும் தடையிலா மின்வழங்கியும்

தமிழ்நாடு 2008 முதல் சில ஆண்டுகள் கடுமையான மின்பற்றாக்குறையைச் சந்தித்தது. 2012இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேல் மின்சாரம் இல்லை. அக்காலத்தில் இன்வெர்ட்டர் பல வீடுகளில் இடம்பிடித்தது. அந்நிலை மாறிவிட்டபோதிலும் பராமரிப்புக்கான தடையும் காற்று மழையால் நேரும் தடையும் தொடர்கின்றன.

ஐம்பது ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுழற்சி 20 மில்லி நொடி. மின்சாரம் நின்றபின் நல்ல மின்வழங்கி ஏறத்தாழ 12 முதல் 17 மில்லி நொடி வரை வெளியீட்டைத் தாங்கிப் பிடிக்கும். இதற்குள் மாற்று மின்சாரம் வந்துவிட வேண்டும். கணினிக்கான யு.பி.எஸ் பொதுவாக 10 மில்லி நொடிக்குள் மாறிவிடுகிறது. வீட்டு இன்வெர்ட்டரில் யு.பி.எஸ் நிலை, சாதாரண நிலை என இரண்டு இருப்பின் முதலாவதைத் தெரிவு செய்ய வேண்டும். சாதாரண நிலையில் மாறும் நேரம் நீளுவதால் கணினி மறுதொடக்கம் ஆகிவிடும்.

யு.பி.எஸ் வாங்கும்போது வோல்ட்டாம்பியரையும் வாட்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. 600 வோல்ட்டாம்பியர் எனக் குறிக்கப்பட்ட கருவிகள் பெரும்பாலும் 360 வாட் மட்டுமே தாங்கும். திரையையும் சேர்த்து 350 வாட் எடுக்கும் கணினிக்கு 1000 வோல்ட்டாம்பியர் அளவே பாதுகாப்பானது. அதிலும் ஆட்டத்தைச் சேமித்துக் கணினியை முறையாக அணைக்கச் சில நிமிடங்களே கிடைக்கும். 12 வோல்ட்டு, 150 ஆம்பியர் மணி மின்கலம் கொண்ட இன்வெர்ட்டரில் இழப்புகள் போக ஏறத்தாழ மூன்று மணி நேரம் கிடைக்கலாம். திறன்காரணி திருத்தும் மின்வழங்கிகள் சில, சதுர அலை தரும் கருவிகளோடு ஒத்துப்போகாமல் அணைந்துவிடுகின்றன. சைன் அலை தரும் இன்வெர்ட்டர் இச்சிக்கலைத் தவிர்க்கிறது.

மின்கட்டணம்

தமிழ்நாட்டில் வீட்டு மின்பயன்பாடு இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. 2016 முதல் வீடுகளுக்கு முதல் 100 அலகு கட்டணமின்றி வழங்கப்படுகிறது. பயன்பாடு கூடக்கூட அலகுக்கான விகிதமும் படிப்படியாக உயர்கிறது. 350 வாட் எடுக்கும் கணினியில் நாளொன்றுக்கு 3 மணி நேரம் விளையாடினால் 60 நாளில் 63 அலகு செலவாகும். குளிர்பதனி இல்லாத சிறு குடும்பத்திற்கு இது புறக்கணிக்கத்தக்க அளவன்று. சட்டக வீதத்தை 60க்கு வரையறுப்பதும், அட்டையின் மின்வரம்பை மென்பொருள் வழியே குறைப்பதும் இச்செலவைக் குறைக்கும்.

வெப்பம், தூசி, வெள்ளம்

கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசை எட்டும் இப்பகுதியில் பெட்டிக்குள் காற்றோட்டம் இன்றியமையாதது. முன்புறம் காற்று உள்வரவும் பின்புறம் வெளியேறவும் குறைந்தது ஒவ்வொரு விசிறியேனும் தேவை. மின்வழங்கியின் வடிகட்டியையும் வரைகலை அட்டையின் விசிறிகளையும் இரு மாதங்களுக்கு ஒருமுறை தூசி நீக்க வேண்டும். கணினியையும் யு.பி.எஸ்ஸையும் தரையில் வைப்பது நன்றன்று. 2024 திசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையாலும் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீராலும் தென்பெண்ணையாற்றில் பெருவெள்ளம் ஏற்பட்டது. நீரில் நனைந்த மின்வழங்கியை உலர்த்தி மீண்டும் பயன்படுத்தக்கூடாது.

வாங்குதல்

சென்னை அண்ணா சாலைக்கு அருகிலுள்ள ரிச்சி தெரு தமிழ்நாட்டில் கணினி உறுப்புகளுக்குப் பெயர்பெற்ற சந்தையாகும். திருக்கோவிலூரிலிருந்து இது ஏறத்தாழ 200 கி.மீ தொலைவில் உள்ளது. பழுதான உறுப்பை மாற்ற ஒரு நாள் பயணமும் செலவும் ஆகுமாதலால், உத்தரவாதச் சேவை அருகில் எங்குக் கிடைக்கும் என்பதை விலையோடு சேர்த்துக் கருத வேண்டும். பொருளின் வரிசை எண் குறிக்கப்பட்ட வரிச்சீட்டைப் பெற்று வைப்பது அவசியம். பல உத்தரவாதங்கள் அதனைக் கேட்கின்றன.

எண்ம நாணயம் தோண்டுவதற்காக 2020 முதல் 2022 வரை வரைகலை அட்டைகளுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் வலையமைப்பு தோண்டும் முறையைக் கைவிட்டபின் அவ்வட்டைகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. பயன்படுத்திய அட்டையை வாங்குவோர் அதனை நேரில் ஓடவிட்டு, குறைந்தது அரைமணி நேரம் கடுஞ்சுமை தந்து, வெப்பத்தையும் திரையில் புள்ளிச் சிதைவுகளையும் பார்க்க வேண்டும். அட்டையைப் பயன்படுத்தியதாக வாங்கலாம், மின்வழங்கியைப் புதிதாக வாங்குவதே நன்று. மின்வழங்கியின் மின்தேக்கிகள் எவ்வளவு தேய்ந்துள்ளன என்பதை வெளியிலிருந்து அறிய இயலாது.

பணம் குறைவாக உள்ளபோது, 2021இல் வெளிவந்த ரைசன் 5 5600ஜி போன்ற உள்ளிணைந்த வரைகலை கொண்ட செயலகத்தையும் தரமான 500 அல்லது 550 வாட் மின்வழங்கியையும் முதலில் வாங்கி, அட்டையைப் பின்னர் சேர்க்கலாம்.

மடிக்கணினிகள்

தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. பல சிற்றூர் வீடுகளில் முதற்கணினி அதுவே. பொதுவாக மடிக்கணினியின் வரைகலைச் செயலகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் அதனை மாற்றவோ மேம்படுத்தவோ இயலாது. அவற்றில் நினைவகத்தைக் கூட்டுவதும் திண்மநிலை வட்டு பொருத்துவதும் மட்டுமே பயன்தரும் மேம்பாடுகள்.

பரவலான தவறான கருத்துகள்

- உயர்ந்த வாட் மின்வழங்கி மிகுதியான மின்சாரத்தைச் செலவிடும்: தவறு. கணினி கேட்கும் அளவையே அது எடுக்கிறது.
- நிலைப்படுத்தி இருந்தால் எந்த மின்வழங்கியும் போதும்: தவறு. நிலைப்படுத்தி உள்ளீட்டை மட்டுமே சீராக்கும். 12 வோல்ட்டு வெளியீட்டின் தரம் மின்வழங்கியைப் பொறுத்தது.
- வரைகலை அட்டை பொருத்தினால் கணினியின் எல்லாப் பணிகளும் விரைவுபடும்: தவறு. ஆவணம் தட்டச்சிடல், இணைய உலாவல் போன்றவற்றில் மாற்றம் மிகக் குறைவு.

இவற்றையும் பார்க்க

- தாய்ப்பலகை
- மையச் செயலகம்
- தடையிலா மின்வழங்கி
- புவி இணைப்பு
- திருக்கோவிலூர்